ரெண்டு டயரா, நாலு டயரா: தண்டையார்பேட்டை வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிறு காலை

கார்த்தி: பெரியப்பா, ஒரு டயர் சந்தேகம். அக்டோபரில் வாங்கிய பழைய கார் ரியர் வீல் டிரைவ், அதாவது பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும் என்று சொன்னேன் இல்லையா, இன்றைக்குத்தான் இங்கே முதல் பனி. கனடா ஸ்கார்பரோவில் எங்கள் பார்க்கிங்கிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி ஏறாமல் வாலை ஆட்டுகிறது. பனி டயர் போட்டால் சரியாகுமா, இல்லை இந்த மாதிரி வண்டியே இப்படித்தானா?

அம்மா: அங்கே ராத்திரி பத்து மணி இருக்குமே, இன்னும் தூங்கவில்லையா? வண்டியை விடு, பஸ்ஸில் போ.

சேகர் மாமா: இதுக்கெல்லாம் எதுக்குடா டயர். காசிமேட்டில் டாட்டா ஏஸ் ஓட்டினபோது காலி வண்டி மீன் தண்ணியிலும் ஐஸ் தூளிலும் இதே மாதிரிதான் சுத்தும். நாலு கூடை ஏற்றினால் ஒழுங்காகப் போகும். டிக்கியில் ரெண்டு மூட்டை மணல் போடு, முடிந்தது.

பெரியப்பா: சேகர் சொல்வது பாதி சரி. எஞ்சின் கனம் முன்னால், தள்ளுகிற சக்கரம் பின்னால், அதனால் பின்பக்கம் அழுத்தம் குறைவு. மணல் மூட்டை பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் கிளம்புவதற்கு உதவும். ஆனால் கிளம்புவது சின்ன விஷயம், நிற்பதுதான் பெரிய விஷயம். கனம் கூடின வண்டியை நிறுத்த பிரேக்குக்கு வேலையும் கூடும். மூட்டையைக் கட்டி வைக்காவிட்டால் அது உன் முதுகைத் தேடி வரும்.

கார்த்தி: விற்றவர் இருக்கிற ஆல் சீசன் டயரே போதும் என்றார். டயர் பக்கத்தில் எம் பிளஸ் எஸ், அதாவது சேற்றுக்கும் பனிக்கும் என்று போட்டிருக்கிறது.

திவ்யா: அதை நம்பாதே அண்ணா. மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா பார். அதுதான் பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அடையாளம். இங்கே ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து பனிச் சாலைக்கு அந்த முத்திரை இருந்தால்தான் செல்லும், வெறும் எம் பிளஸ் எஸ் செல்லாது.

பெரியப்பா: திவ்யா சரியாகச் சொன்னாள். திருவொற்றியூர் டயர் கம்பெனியில் ரப்பர் கலக்கும் மிக்ஸிங் பிரிவில் இருபத்தேழு வருஷம் கரி அப்பிய மூஞ்சியோடு நின்றவன் சொல்கிறேன், விஷயம் தரையில் பதியும் பட்டனில் மட்டும் இல்லை, ரப்பர் சரக்கில் இருக்கிறது. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கட்டியாவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, சாதாரண டயர் ரப்பரும் குளிரில் அப்படித்தான் விறைக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் பிடி குறைய ஆரம்பிக்கும், பனியே விழ வேண்டாம். பனி டயர் சரக்கு அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும், பட்டன் மேல் பிளேடால் கீறின மாதிரி நிறைய மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவை பனியைக் கவ்வும். உன் வண்டிக்கு இது கட்டாயம் உதவும்.

கார்த்தி: அப்போ பின்னால் மட்டும் ரெண்டு போடுகிறேன். தள்ளுவது அதுதானே. நாலுக்கும் விலை கேட்டால் என் வாடகையில் பாதி வருகிறது.

பெரியப்பா: கூடாது. கூடவே கூடாது. பின்னால் மட்டும் போட்டால் வண்டி ஜோராகக் கிளம்பும், அந்தத் தைரியத்தில் வேகமாகப் போவாய், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கேட்காது, வண்டி நேராகப் போய் இடிக்கும். பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். முன்னால் மட்டும் போட்டாலோ பின்பக்கம் சுழற்றிவிடும். நாலு, இல்லையென்றால் அம்மா சொன்ன பஸ்.

திவ்யா: ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிற என் ஆபீஸ் ஆள் ஒருவர் சாதாரண டயரோடு சிக்னலில் நிற்காமல் வழுக்கிப் போனார். நாலு சக்கரமும் தள்ளினாலும் பிரேக் போடும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

பெரியப்பா: இன்னொன்று, குளிரில் காற்றழுத்தம் இறங்கும். ஐந்தாறு டிகிரி குறைந்தால் சுமார் 1 பிஎஸ்ஐ போகும், மாதம் ஒருமுறை பார். வெயில் வந்ததும் கழற்றிவிடு, சூட்டில் அந்த ரப்பர் சீக்கிரம் தேயும். மாற்றி மாற்றிப் போடுவதால் ரெண்டு செட்டும் நாள்பட உழைக்கும், காசு ஒரேயடியாகப் போகாது.

கார்த்தி: ஒன்டாரியோவில் பனி டயர் போட்டால் இன்சூரன்ஸிலும் கொஞ்சம் குறைப்பார்களாம். பக்கத்து க்யூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை போடாமல் ஓட்டினால் அபராதமே உண்டு. ஒருவர் பழைய செட் பாதி விலைக்குத் தருகிறார், பக்கத்தில் 4116 என்று இருக்கிறது, வாங்கலாமா?

பெரியப்பா: 2016-ல் 41-வது வாரம் செய்தது. அது டயர் இல்லை, கருங்கல்.

தேவி அத்தை: அண்ணா, உங்கள் மச்சான் வண்டி டயரையும் கொஞ்சம் பாருங்கள். மொட்டை. நேற்று மழையில் வியாசர்பாடி பாலத்து இறக்கத்தில் உயிர் போய் வந்தது.

சேகர் மாமா: இங்கே பனியா பெய்கிறது?

பெரியப்பா: சேகர், மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.

கார்த்தி: சரி, புதுசே நாலு சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு மாட்டுகிறார்கள்.

அம்மா: வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம்டா. நேரத்தை மாற்று.

கார்த்தி: அதை விட்டால் அடுத்த வாரம்தான் இடம் இருக்கிறதாம் அம்மா.

அம்மா: அப்படியென்றால் அதுவரை பஸ்ஸில் போ.