டிரைவ் பெல்ட்டுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

குழுவினர்க்கு வணக்கம். ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்குத் தமிழில் செய்முறை அட்டைகள் போடுகிறோம். ஒரு வேலைக்கு ஓர் அட்டை. பட்டறைச் சுவரில் மாட்டிவைத்து, பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது. இப்போது கையில் இருப்பது, பழைய மாருதி 800-இல் தேய்ந்துபோன டிரைவ் பெல்ட்டைக் கழற்றிப் புதியது போடும் வேலை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். சொல் மட்டும் அமையவில்லை. இடம் விட்டு அனுப்புகிறேன், உங்கள் சொல்லைப் போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

"எஞ்சினை நிறுத்தி ஆறவிடவும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவும். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் போல்ட்டையும் சரிசெய்யும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் ...... தொய்யும். கப்பிகளிலிருந்து எடுத்துவிடவும். புதிய ...... போடும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. உள்ளே ஓடும் இழைகள் அறும். மாட்டியபின் ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துப் போல்ட்டுகளை முடுக்கவும். இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ...... கையேட்டில் சொன்ன அளவு அமுங்க வேண்டும்."

அகராதிகளில் வார், பட்டை, வார்ப்பட்டை, கச்சை எல்லாம் இருக்கின்றன. எதைப் போடுவது?


எழுதியவர்: பயிற்றுநர், கோவை

சொல்லுக்குப் போகும் முன் ஒன்று. அந்த எஞ்சினில் பெல்ட் இரண்டு வகை. வெளியே தெரிவது, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் கப்பியிடமிருந்து சுழற்சியை வாங்கி, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கும் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்புக்கும் கொடுக்கிறது. மூடிக்குள் இருப்பது டைமிங் பெல்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று, அதைப் பிசகாமல் காப்பதுதான் அதற்கு வேலை. வெளியே இருப்பது அறுந்தால் சார்ஜ் நிற்கும், எஞ்சின் சூடேறும். ஓரம் கட்டி, வேறு மாட்டிக்கொண்டு போகலாம். டைமிங் பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டாலே எஞ்சின் ஒழுங்காக ஓடாது. சில எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். வெறுமனே 'பட்டை' என்று போட்டால் மாணவன் எந்த மூடியைத் திறப்பான்?

'விசிறிப் பட்டை'யும் வேண்டாம். அம்பாசடரின் பழைய எஞ்சினில் அந்த பெல்ட் விசிறியை உண்மையிலேயே சுற்றியது. மாருதி 800-இல் விசிறிக்குத் தனி மின்மோட்டார். நம் மெக்கானிக்குகள் இன்றும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறார்கள். பேச்சில் அது இருக்கட்டும், பாட அட்டையில் வேண்டாம்.


எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, இவ்வளவு தேட வேண்டியதே இல்லை. வார் என்பது பழைய சொல், ஓரசைச் சொல், பொருளும் இதுவே. 'இயக்குவார்' என்று சேர்த்துவிடுங்கள்.

புறநானூற்று 50-ஆம் பாட்டில் மோசிகீரனார் முரசைச் சொல்லும் அடியைப் பாருங்கள்: "மாசற விசித்த வார்புறு வள்பின்". முரசின் தோலை இழுத்துக் கட்டிய வாரைத்தான் சொல்கிறார். விசித்தல் என்றால் இறுகக் கட்டுதல். அட்டையில் பெல்ட்டின் இறுக்கத்துக்கும் சொல் வேண்டுமே, 'விசிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். அதே பாட்டில், அரச முரசை வைக்கும் முரசுகட்டிலில் அறியாமல் உறங்கிய புலவரை வெட்டாமல் விட்டு, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அருகில் நின்று விசிறுகிறான். "தண்ணென வீசியோயே" என்று முடியும் அந்த இடத்தை எத்தனை தடவை வகுப்பில் நடத்தினாலும் அலுக்காது. வாரும் விசிப்பும் வீசலும் ஒரே பாட்டில் இருக்கும்போது நாம் ஏன் வெளியே கையேந்த வேண்டும்?


எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

ஐயா, பாட்டை எடுத்துப் படித்தேன், நன்றி. ஆனால் சொல்லை அட்டையில் போட்டால் இப்படி வருகிறது: "இயக்குவார் தளர்ந்திருந்தால் மாற்றவும்." "புதிய இயக்குவார் வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது." ஓர் ஆளைப் பற்றிய பேச்சாகத்தான் காதில் விழுகிறது. ஓட்டுவார், செலுத்துவார் எல்லாவற்றுக்கும் இதே கதி.

'வார்ப்பட்டை'யில் வேறு சிக்கல். பட்டறையில் வார்ப்பு என்றால் உருக்கி ஊற்றியது. வார்ப்பிரும்பு தெரிந்த மாணவன் வார்ப்பட்டையையும் வார்த்த பட்டை என்றே படிப்பான்.


எழுதியவர்: யாழ்ப்பாணத்தவர், யேர்மனியிலிருந்து

வணக்கம். எங்கள் பக்கத்தில் ஆசனப்பட்டி, இடுப்புப்பட்டி என்று பட்டி நன்றாகவே புழங்குகிறது. வாகனத்தைச் 'செலுத்துவது' என்றுதான் எழுதுவோம். ஆகையால் செலுத்துபட்டி. கதைக்கும்போது எல்லோரும் பெல்ற் என்றுதான் சொல்வோம், அதையும் மறைக்கவில்லை.

இங்கே கராஜில் சொல்வதையும் தருகிறேன், உங்களுக்கு உதவலாம். வெளியே ஓடும் பழைய வகை கைல்ரீமன், அதாவது ஆப்பு வார். உள்ளே இருப்பது சான்ரீமன், பல் வார். பெருமளவில் உற்பத்தியான காரில் பல் உள்ள வாரை முதலில் வைத்ததும் யேர்மனியில்தான், 1962-இல் கிளாஸ் 1004 என்ற காரில். எங்கே இருக்கிறது, யார் சுற்றுவது என்றெல்லாம் பாராமல் உருவத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

பழைய வாகனம் என்றதும் ஊர் ஞாபகம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வாகனங்களைக் காப்பாற்றிய கை ஒன்றும் பாடப்புத்தகம் பார்த்துப் பழகவில்லை. அவர்களுடைய சொற்களை யாராவது இருந்து எழுதி வைத்தால் நல்லது.


எழுதியவர்: பட்டறை உரிமையாளர், மதுரை

எல்லோருக்கும் வணக்கம். நான் சொல்வது கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன். பெல்ட் என்று போடுங்கள். ரைஸ்மில்லில் பெல்ட், பம்ப்செட்டில் பெல்ட், தையல் மிஷினில் பெல்ட், இடுப்பில் பெல்ட். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரிந்த சொல். பையன் நாளைக்குக் கடையில் போய் இயக்குபட்டை கொடுங்கள் என்றால் கடைக்காரர் முழிப்பார். பையன் கூனிப்போய்த் திரும்பி வருவான், அடுத்த தடவை தமிழில் கேட்க மாட்டான். அதுதான் எனக்குப் பயம்.

கோவை சார் சொன்ன இரண்டு பெல்ட் விஷயம் மட்டும் நூற்றுக்கு நூறு சரி. பிரிப்பதற்கு முன்சொல்லைத் தமிழில் வையுங்கள்: வெளி பெல்ட், பல் பெல்ட். முடிந்தது.


எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

தம்பி, பஸ்ஸுக்குப் பேருந்து என்றபோதும் இதைத்தான் சொன்னார்கள். இன்று பேருந்து நிலையம் என்று எழுதாத ஊர் உண்டா? புழங்கினால் பழகும். நாம் எழுதாமலேயே பழகவில்லை என்பது நியாயம் இல்லை.

'இயக்குவார்' வினைமுற்றாக ஒலிக்கிறது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் அதே அடியில் தோல்வாரைக் குறிக்கும் வள்பை எடுங்கள். வள் என்னும் அடி வளைதலைக் குறிப்பது. வளை, வளையம், வள்ளி, வள்ளம் எல்லாம் அந்தக் குடும்பம் என்பது என் துணிபு. கப்பியைச் சுற்றி வளைந்து, தன் தலையோடு தானே சேர்ந்து வளையமாக நிற்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே இருக்கிறது? தேரில் பூட்டிய குதிரையின் கடிவாள வாருக்கும் வள்பு என்ற பெயர் உண்டு. இழுவையைக் கடத்துவது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. இயக்குவள்பு, பல்வள்பு. ஒலித்துப் பாருங்கள்.


எழுதியவர்: பிழைதிருத்துநர், சென்னை

வள்பு அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் அட்டையைத் தட்டச்சு செய்பவர் அதை முதல் நாளே 'வளப்பு' ஆக்கிவிடுவார். சந்தியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் மாற்றி மாற்றி எழுதுகிறீர்கள்.

இயக்கு + பட்டை வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, எழுதுபொருள் போல இதிலும் வல்லினம் மிகாது. ஆகவே 'இயக்குபட்டை'தான் சரி. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் மிகும் என்று பாக்குத்தோப்பைக் காட்டாதீர்கள், அது பெயர். வெட்டுக்கத்தியையும் காட்டாதீர்கள், அங்கே வெட்டு முதனிலைத் தொழிற்பெயர். 'இயக்கப்பட்டை' என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் ஐகாரக் கொம்பு ஒன்று விழுந்தால் 'இயக்கப்பட்ட' ஆகிவிடும், நான் அதை எந்தக் கண்ணால் பிடிப்பேன்?

பல் + பட்டை பற்பட்டை. பற்பொடி, பற்பசை போல. பல்பட்டை என்று விட்டால் 'பல பட்டை' என்று பிரிக்கவும் இடம் உண்டு.

இயக்குநரா இயக்குனரா என்ற பழைய சண்டையை இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


எழுதியவர்: பயிற்றுநர், கோவை

யேர்மனி நண்பர் சொன்ன ஆப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வகுப்பில் அதிகம் விளங்காத இடம் அதுதான். இந்தப் பெல்ட் கப்பிப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை. இரு பக்கச் சுவர்களிலும் ஆப்பு மாதிரி இறுகி இழுக்கிறது. தேய்ந்தால் ஒடுங்கி உள்ளே இறங்கும். அடியைத் தொட்டதும் பிடிப்பு போய்விடும், அப்புறம் எவ்வளவு முடுக்கினாலும் வழுக்கும். கப்பிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட்டின் காலம் முடிந்தது என்று பொருள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிடுவது, ஹெட்லைட் போட்டால் கத்துவது எல்லாம் இந்த வழுக்கலால்தான். சத்தம் நிற்க கிரீஸ் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது ரப்பரையே கெடுக்கும். 'ஆப்புப்பட்டை' என்று பெயர் வைத்தால் இந்தப் பாடம் பெயரிலேயே பாதி முடிந்துவிடும். மாணவன் முதலில் பள்ளத்தின் பக்கச் சுவரைப் பார்ப்பான்.

பற்பட்டை என்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை. 1979-இல் ஃபோர்டு மஸ்டாங்கில் வந்து பிறகு பெரும்பாலான கார்களுக்கும் பரவிய வகை ஒன்று உண்டு. அகலமாக, உள்பக்கம் நீளவாட்டில் வரிவரியாக இருக்கும். ஒரே பெல்ட் எல்லாக் கப்பிகளையும் சுற்றி வரும். அந்த வரிகளையும் பையன்கள் பல் என்கிறார்கள். அது வரிப்பட்டை, குறுக்கே பல் உள்ளது மட்டுமே பற்பட்டை என்று அட்டையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். பழைய ரப்பர் தேயும்போது வெடிப்பு விடும். இப்போது வரும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெடிக்காமலே தேயும், வரிகளின் பள்ளம் அகலும். வெடிப்பு இல்லை என்று நம்பி விட்டுவிடக் கூடாது. இது வேறு அட்டைக்குரியது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

'விசிப்பு' வேண்டாம் ஐயா. பெருமாள் கோயில் தேர் வடத்தைப் பிடித்த பையனுக்கும் 'இறுக்கம்' தெரியும். புதிதாக ஒன்று தேவையே இல்லாத இடம் அது.


எழுதியவர்: பட்டறை உரிமையாளர், மதுரை

ஆப்புப் பெல்ட் என்றால் நானும் சொல்வேன். ஆனால் எங்கள் ஊரில் 'ஆப்பு வைத்துவிட்டான்' என்பதற்கு என்ன பொருள் என்று தெரியும் அல்லவா? வகுப்பில் பையன்கள் சிரித்து முடிக்கவே அரை நாள் ஆகும்.


எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர், திருச்சி

நாளை அச்சு. வந்த கருத்துகளைத் தொகுத்தேன். 'இயக்குபட்டை'க்கு ஆதரவு மிகுதி, அதுவும் எதிர்ப்பு குறைவு என்பதால்தான். அட்டையின் முதல் வரியில் "பெல்ட் எனப்படும் இயக்குபட்டை" என்று வரும், மதுரைக்காரரின் அச்சம் நியாயமானது. 'ஆப்புப்பட்டை' என்ற பெயர், பிடிப்பை விளக்கும் பத்தியில் ஒருமுறை படத்தோடு வருகிறது. டைமிங் பெல்ட்டுக்கு 'டைமிங் பற்பட்டை' என்று தற்காலிகமாக. 'நேரப்பட்டை' என்று ஒருவர் எழுதியிருந்தார். வால்வுகள் எந்தக் கட்டத்தில் திறந்து மூட வேண்டும் என்ற ஒழுங்கைத்தான் அங்கே டைமிங் என்கிறார்கள். கடிகார நேரம் அதில் இல்லை, அதனால் எடுக்கவில்லை.


எழுதியவர்: பயிற்றுநர், கோவை

சரி. அட்டையில் ஒரு வரி குறைகிறது: "எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இறுக்கத்தை மறுபடி பார்க்கவும்." புதுப் பெல்ட் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் தொய்யும். சொல் எதுவானாலும் இந்த வரி சேராமல் அட்டை முழுமையாகாது.


எழுதியவர்: யாழ்ப்பாணத்தவர், யேர்மனியிலிருந்து

நன்றி. இங்கே தமிழ்ப் பள்ளிக்கு இதே அட்டையை எடுத்தால் 'செலுத்துபட்டி' என்று மாற்றிக்கொள்ள அனுமதி தர வேண்டும். பட்டி என்றால் உங்களுக்கு மாட்டுக்கொட்டிலும் ஊர்ப்பெயரும் நினைவுக்கு வரலாம். எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டை என்றால் கறுவாப்பட்டைதான்.


எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. மரத்தின் தோலுக்கும் கறிமசால் சரக்குக்கும் வழங்கும் சொல்லை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டு, இழுத்துக் கட்டும் தோல்வாருக்கென்றே பிறந்த வள்பைப் புறநானூற்றிலேயே விட்டுவிட்டோம். டைமிங் பெல்ட்டுக்கு இன்னும் முடிவாகவில்லை என்கிறீர்கள். அதற்கான அட்டை எப்போது அச்சுக்குப் போகிறது என்று தெரிவியுங்கள். பல்வள்புக்கு இன்னும் இரண்டு மேற்கோள் எடுத்து வைத்திருக்கிறேன்.