லாக்-ஆன் ஸ்டாண்ட், நாலு ஸ்டிக்: ஒரு மைல் சுமந்து இருட்டில் மாட்டுவது பற்றி

ஓக்நிழல்

வணக்கம். மிச்சிகன் பொது நிலத்தில் அக்டோபர் 1 தொடங்கும் வில் சீசனுக்கான (வில்லால் மான் வேட்டை) கேள்வி இது. ஸ்டாண்ட், அதாவது மரத்தண்டில் ஸ்ட்ராப்பால் கட்டி மேலே உட்காரும் இருக்கை, 13 பவுண்டு அலுமினிய லாக்-ஆன். ஸ்டிக் (தண்டில் கட்டி ஏறும் துண்டு ஏணி) நான்கு, ஒவ்வொன்றும் 32 அங்குலம், 3 பவுண்டு. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு மைல் நடை, அதில் பாதி சதுப்பு.

மூன்று இடத்தில் இடிக்கிறது. நடக்கும்போது ஸ்டிக்குகள் உரசிச் சத்தம் போடுகின்றன. நான்கையும் ஸ்டாண்டுக்கு நேர் கீழே வரிசையாகக் கட்டுகிறேன். கடைசிப் படியிலிருந்து பிளாட்ஃபார்முக்கு (ஸ்டாண்டில் கால் வைக்கும் தட்டு) காலைத் தூக்கி வைக்கும்போது பிடிமானமே இல்லை. ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கினாலும், எடையை ஒரு பக்கம் மாற்றினால் ஸ்டாண்ட் அரை அங்குலம் திரும்பிக் கிறீச்சிடுகிறது. 16 அடி உயரம் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

சதுப்புக்கோரை

சுமக்கிற விஷயம் முதலில். மொத்தம் 25 பவுண்டுதான், ஆனா கட்டுற விதம் தப்பினா 40 மாதிரி இழுக்கும். பிளாட்ஃபார்மை மடக்கி, அதன் தட்டையான பக்கம் முதுகைப் பார்க்கிற மாதிரி வைங்க. ஸ்டிக்குகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, பிளாட்ஃபார்மோட வெளிப்பக்கத்தில் நெட்டுக்குத்தா கட்டுங்க. குறுக்கா கட்டினா ஒவ்வொரு புதரும் உங்களைப் பிடிச்சு இழுக்கும். எடை தோளுக்குப் பக்கத்தில் மேலே நிற்கணும், இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. சதுப்பில் கால் புதையும்போது பின்னாடி இழுத்து விழவைக்கிறது அந்தத் தொங்கல்தான்.

கட்டுறதுக்குக் கொக்கி வெச்ச பஞ்சி கயிறு (நீளும் ரப்பர் கயிறு) வேண்டாம். கொக்கியே இரும்பு, அதுவே சத்தம், தெறிச்சா கண்ணுக்கும் ஆபத்து. பக்கிள் உள்ள நீளும் ரப்பர் பட்டை ரெண்டு போதும்: மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு.

சத்தத்துக்கு: ஸ்டிக்கை அடுக்கி லேசா குலுக்கிப் பாருங்க. எங்கே உலோகம் உலோகத்தைத் தொடுதோ அங்கே மட்டும் துணி டேப் ரெண்டு சுற்று. படியோட விளிம்பு, அடைப்புக்குறி மாதிரி மரத்தைக் கவ்வுற அந்த V-யோட பின்பக்கம், பக்கிள் வந்து அடிக்கிற இடம், இவ்வளவுதான் வழக்கமா. கால் வைக்கிற மேற்பரப்பில் ஒட்டாதீங்க, ஈரத்தில் வழுக்கும். ஒவ்வொரு ஸ்டிக்கோட ஸ்ட்ராப்பையும் சுருட்டி அதே ஸ்டிக்கில் ரப்பர் வளையம் போட்டு வைங்க. முதலில் மரத்துக்குப் போக வேண்டிய ஸ்டிக் வெளியே இருக்கணும், நாலாவது உள்ளே. இருட்டில் தேடுறதுதான் பாதிச் சத்தம்.

குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு நடக்காதீங்க. வேர்த்தா வாடையும் வரும், உட்கார்ந்த அரை மணியில் நடுக்கமும் வரும். ஜாக்கெட் பையில் போகட்டும், ஹார்னஸ் (விழுந்தா தாங்குற உடல் பட்டை) மட்டும் உடம்பில்.

பதினாறடி

முதலில் உயரக் கணக்கு. முதல் ஸ்டிக்கின் அடி தரையிலிருந்து 18 அங்குலம், அடுத்தடுத்த ஸ்டிக்குகளுக்கு நடுவிலும் 18 அங்குல இடைவெளி என்று வைத்தால் 4 × 50 = 200 அங்குலம். அதாவது நாலாவது ஸ்டிக்கின் தலை 16 அடி 8 அங்குலத்தில் நிற்கும். பிளாட்ஃபார்மை அதற்கும் மேலே கொண்டுபோகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உங்கள் இரண்டாவது சிக்கலின் வேர் அதுதான். பிளாட்ஃபார்ம் 15½ அடியில் இருக்கட்டும். நாலாவது ஸ்டிக்கை மட்டும் தண்டைச் சுற்றிக் கால் வட்டம் நகர்த்தி, ஸ்டாண்டின் பக்கவாட்டில் கட்டுங்கள். அப்போது மேல்படி பிளாட்ஃபார்மைவிட ஓரடி உயரத்தில் இருக்கும். நீங்கள் பக்கவாட்டில் இறங்கிக் கால் வைப்பீர்கள், தண்டும் கைக்கு எட்டும். ஸ்டாண்டுக்குள் எப்போதும் இறங்கித்தான் போக வேண்டும், ஏறிப் போகக் கூடாது. ஏறும்போது முழு எடையும் பிளாட்ஃபார்மின் முன் விளிம்பில் விழுகிறது, கையோ சீட்டைப் பிடிக்கத் தேடுகிறது. சீட் மடங்கும்.

ஸ்டிக் கட்டும்போது மேல், கீழ் இரண்டு V-யும் தண்டைத் தொடுகிறதா பாருங்கள். தண்டில் புடைப்பு இருந்தால் ஒன்று அந்தரத்தில் நிற்கும், மிதித்ததும் ஸ்டிக் பக்கவாட்டில் உதைக்கும். அப்போது நாலு அங்குலம் மேலோ கீழோ மாற்றுவதுதான் வழி, இறுக்குவது அல்ல. ஸ்ட்ராப் தண்டைச் சுற்றிக் கிடைமட்டமாகப் போக வேண்டும். இறுக்கிய பிறகு ஸ்டிக்கைப் பிடித்துக் கீழ்நோக்கி வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுங்கள். V-யின் பல் மரப்பட்டையில் இறங்கும்போது நறுக்கென்று ஒரு சின்ன அசைவு கையில் தெரியும். அது தெரிந்த பிறகே மிதியுங்கள்.

ஸ்டாண்ட் திரும்புவது ஏன் என்றால், பிளாட்ஃபார்மைக் கீழே விரித்த நிலையில் ஸ்ட்ராப்பை இறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றிச் செய்யுங்கள். பிளாட்ஃபார்ம் மேலே மடங்கியிருக்கட்டும். ஸ்டாண்டை 30 டிகிரி அளவுக்கு ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, மேல் ஸ்ட்ராப்பை முடிந்தவரை இறுக்கி, பிறகு நேராகத் திருப்புங்கள். அந்தத் திருப்பலே ஸ்ட்ராப்பை இன்னும் முறுக்கும். அடுத்து பிளாட்ஃபார்மை இறக்கி அழுத்துங்கள். கீழ்ப் பற்கள் தண்டில் குத்த, மேல் ஸ்ட்ராப் இழுபடும். கடைசியாக ஸ்டாண்டின் நடுத்தண்டின் அடியில், பிளாட்ஃபார்முக்குப் பக்கத்தில் இரண்டாவது ஸ்ட்ராப். பக்கவாட்டுத் திருப்பலைத் தடுப்பது இதுதான். பலர் இதைப் பையிலேயே விட்டுவிடுகிறார்கள். பிளாட்ஃபார்மின் மூக்கு கொஞ்சம் மேலே பார்த்தால் பரவாயில்லை, எடை ஏறியதும் சமமாகிவிடும். எல்லாம் முடிந்து, லைன்மேன் கயிறு (இடுப்பையும் மரத்தையும் சுற்றிக் கட்டும் கயிறு) இடுப்பில் இருக்கும்போதே ஒரு காலால் அழுத்திச் சோதியுங்கள்.

காற்றுப்பக்கம்

மரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மிச்சிகன் என்றால் ஆஷ் மரத்தைத் தொடவே தொடாதீர்கள். ஆஷைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு 2002-ல் கண்டறியப்பட்டதே அங்கேதான். நின்றபடி செத்துப்போன ஆஷ் எச்சரிக்காமல் முறியும். பட்டையில் D வடிவத்தில் சின்ன ஓட்டைகள், மரங்கொத்தி உரித்து வெளிறிய திட்டுகள் தெரிந்தால் விலகிவிடுங்கள். ஷாக்பார்க் ஹிக்கரியில் பட்டை தகடு தகடாகக் கழலும், பல் பிடிக்காது. பீச் மரம் வழவழப்பு, பனி உறைந்தால் இன்னும் மோசம். உயிருள்ள, நேரான ஓக் அல்லது மேப்பிள், 10 முதல் 14 அங்குல விட்டம். அதைவிடப் பருத்தால் லைன்மேன் கயிற்றைச் சுற்றி எடுக்கவே கை எட்டாது.

உயரத்துக்கு 15½ அடி தாராளம். உங்களுக்குப் பின்னால் கிளையும் இலையும் இருந்தால் 12 அடி கூடப் போதும். மொட்டைத் தண்டில் 22 அடியில் உட்கார்ந்தாலும் மான் வானத்தை வைத்து உருவத்தைப் பார்த்துவிடும். உயரம் கூடக்கூட அம்பின் கோணமும் செங்குத்தாகும், நுரையீரல் இரண்டிலும் பாய்வது கடினமாகும்.

சரிவில் மாட்டுவதாக இருந்தால் காலையில் குளிர்ந்த காற்று கீழே வழியும், வெயில் பட்டதும் மேலே எழும் என்பதைக் கணக்கில் வையுங்கள். முன்னறிவிப்பில் சொல்லும் காற்றுத் திசை மட்டும் போதாது.

ஓக்நிழல்

இரண்டாவது ஸ்ட்ராப் பையில்தான் கிடக்கிறது, நன்றி. இன்னொன்று: லைன்மேன் கயிறு கட்டி ஏறும்போது நடுவில் கிளை வந்தால் கயிற்றைக் கழற்றத்தானே வேண்டியிருக்கிறது?

பதினாறடி

கழற்றலாம், ஆனால் வேறொன்றில் மாட்டிய பிறகு. ஹார்னஸோடு வரும் மரக்கயிற்றைக் கிளைக்கு மேலே தண்டில் சுற்றி டெதரை (ஹார்னஸை மரக்கயிற்றோடு இணைக்கும் பட்டை) மாட்டுங்கள். அதன் பிறகு லைன்மேன் கயிற்றைக் கழற்றி, கிளைக்கு மேலே போட்டு, காரபினர் (பூட்டும் கொக்கி) பூட்டியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒன்று மரத்தில் இருக்க வேண்டும். படியிலிருந்து பிளாட்ஃபார்முக்கு மாறும்போதும் இதே முறைதான். லைன்மேன் கயிறு இரண்டு கையையும் விடுவித்து வேலை செய்ய உதவுவது. விழுந்தால் தாங்கும் வேலை டெதருடையது.

மேலே போனதும் மரக்கயிறு தலை உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில் டெதரில் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் விழும் தூரம் கூடும், திரும்பி ஏறவும் முடியாது. தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டை இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும்; உடனே சஸ்பென்ஷன் பட்டையில் (தொங்கும்போது கால் ஊன்றும் பட்டை) பாதத்தை வைத்து நில்லுங்கள். அந்தப் பட்டையும் போனும் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும், முதுகுப் பையில் அல்ல.

சதுப்புக்கோரை

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. வில்லைக் கையில் வெச்சுக்கிட்டு ஏறாதீங்க. வில்லை மேலே இழுக்கிற இழுகயிற்றை ஸ்டிக் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தொங்க விடுங்க, நீங்க விழுந்தாலும் அம்பு மேலே போய் விழக் கூடாது. நவம்பர் 15-ல் தொடங்குற துப்பாக்கி சீசன்னா தோட்டாவை எடுத்து, ஆக்‌ஷனை (தோட்டா ஏறுற அமைப்பு) திறந்து, குழாய் கீழே பார்க்க, ட்ரிகரை விட்டுத் தள்ளிக் கட்டணும்.

பொது நிலத்தில் பட்டையைத் துளைக்கிற திருகுப்படி, ஆணி எதுவும் கூடாது. ஸ்டாண்டில் தரையிலிருந்து படிக்கிற மாதிரி அடையாளம் எழுதியிருக்கணும். எந்தத் தேதியில் வைக்கலாம், எப்போ எடுக்கணும்னு அந்த வருஷ விதிப் புத்தகத்தில் பாருங்க. தேதி இருக்கோ இல்லையோ, சீசன் முடிஞ்சதும் கழற்றிடுங்க. மரம் பருக்கும், ஸ்ட்ராப் பருக்காது. அணில் கடிச்ச ஸ்ட்ராப் கீழே நின்னு பார்த்தா தெரியவே தெரியாது, தண்டுக்குப் பின்னாடிதான் கடிச்சிருக்கும். ஹார்னஸ் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். அதிலிருந்து 5 வருஷம், இல்லேன்னா ஒரு தடவை விழுந்து தாங்கியிருந்தா அன்னைக்கே, வெட்டிக் குப்பையில் போடுங்க. முழுசா போட்டா யாராவது எடுத்து மாட்டிக்குவாங்க.