கலைச்சொல்: பாராசிட்டாய்டு = கொல்லொட்டுண்ணி?

வணக்கம்.

கம்பளிப்புழு கவனிப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை. டாக்கினிட் ஈயின் புழுவும் பிரக்கோனிட் குளவியின் புழுவும் கம்பளிப்புழுவுக்குள் இருந்து தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிடுகின்றன. வேளாண் ஏடுகளில் இவையும் ‘ஒட்டுண்ணி’தான், பேனும் ‘ஒட்டுண்ணி’தான். பேன் ஆளைக் கொல்லாது. எனவே ‘கொல்லொட்டுண்ணி’ என முன்வைக்கிறேன். ‘ஒட்டுண்ணிப்போலி’ என்றால் ஏதோ ஏமாற்று வேலைபோலத் தொனிக்கும். ‘கொல்லுண்ணி’ என்று சுருக்கினால் மாட்டு உண்ணிதான் நினைவுக்கு வரும்.

———

> கடைசியில் அதைக் கொன்றுவிடுகின்றன

எப்போதும் இல்லை, ஐயா. கலிபோர்னியாவின் பொடேகா விரிகுடாப் பக்கம் வாழும் பிளாட்டிப்ரெப்பியா வர்ஜினாலிஸ் கம்பளிப்புழுவைப் பற்றிக் ஆய்வாளர்கள் கார்பனும் இங்கிலிஷ்-லோபும் 1997இல் எழுதினார்கள். ஈப்புழு வெளியேறிய பிறகும் சில பிழைத்து அந்துப்பூச்சியாகின்றன. ஈ தாக்கியவை ஹெம்லாக் என்னும் நச்சுச்செடியைத் தின்றால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். தாக்காதவற்றுக்கு லூபின் என்னும் அவரைக் குடும்பச் செடிதான் நல்ல தீனி. அப்படியிருக்க ‘கொல்’ பொருந்துமா?

இன்னொன்று: முட்டையை வைத்து மட்டும் தாக்குதலைக் கணக்கிடச் சொல்லாதீர்கள். தலைக்குப் பின்னால் ரவைத் துணுக்குபோல் ஒட்டியிருக்கும் வெள்ளை முட்டை, பொரிப்பதற்குள் புழு தோலுரித்தால் சட்டையோடு போய்விடும். சில ஈ இனங்கள் இலையில் முட்டையிடும். புழுவே அதை விழுங்கும். வெளியே அடையாளமே இராது.

———

> ‘கொல்’ பொருந்துமா?

பொருந்தும். கொல்யானை எதிர்ப்பட்டவரையெல்லாம் கொன்றுவிட்டதா என்ன? வினைத்தொகை இயல்பைச் சொல்கிறது, கணக்கைச் சொல்வதில்லை. வரையறையில் ‘பெரும்பாலும்’ சேர்த்தால் போதும். எனக்கு உறுத்துவது ‘ஒட்டு’தான், வளர்ந்த ஈ எதிலும் ஒட்டாமல் பூந்தேன் குடித்துத் திரிகிறது. ஆனால் ‘ஒட்டுண்ணி’ வேரூன்றிய சொல். விட்டுவிடலாம்.

அடையாளப் பகுதியில் நோயையும் பிரித்துக் காட்டுங்கள். நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு செடி நுனியில் தலைகீழாகத் தொங்கி, தொட்டதும் தோல் கிழிந்து நீராய் ஒழுகினால் அது என்.பி.வி. நச்சுயிரி; கொல்லொட்டுண்ணி அன்று.

ஐயமுள்ள புழுவைத் தூரிகையால் எடுத்து (மயிர் பட்டால் அரிக்கும்) ஜாடியில் விடவும். அடியில் இரண்டு விரற்கடை ஈரமண், தினமும் புதுத் தழை, வாய்க்கு மல் துணி. மண் சொதசொதத்தால் பூஞ்சணம் பிடிக்கும். புழு செத்ததும் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. மண்ணைக் கிளறிப் பாருங்கள்: நெல்மணிபோலப் பழுப்புக் கூடு கிடந்தால் ஈ. செத்த உடல்மேலோ பக்கத்திலோ வெள்ளையாக, மஞ்சளாகப் பட்டுக்கூடுகள் இருந்தால் குளவி. உள்ளிருப்பது வெளிவரும்வரை காத்திருந்தால்தான் எந்த இனம் என்று எழுத முடியும்.

யாழ்ப்பாணத்தவருக்குக் கம்பளிப்புழு என்றால் மயிர்க்கொட்டி. தலைப்பில் அதையும் சேர்த்துவிடுங்கள்.