நம்பர் சொல்லாவிட்டால் பில் வராதா? எந்த விதியில் இருக்கிறது?

வில்லாபுரத்தான்:
நேற்று 'பில்லிங் பாய்' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "போன் நம்பர் இல்லாமல் ஜிஎஸ்டி பில் போட முடியாது, அதுதான் சட்டம், கவுண்டரில் வந்து வம்பு பண்ணாதீர்கள்" என்கிறார். எந்தச் சட்டம்? பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது ஜிஎஸ்டி 46-ஆவது விதி. கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, சரக்கு, அளவு, விலை, வரி என்று போகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால் அவர் பெயரும் முகவரியும் வேண்டும். போன் நம்பர் என்ற பேச்சே அதில் கிடையாது. கடைகள் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லிவிட்டது.

போன வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை எடுத்தேன். ரொக்கம் நீட்டினேன். நம்பர் தர மாட்டேன் என்றதும் பில் போடும் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். நம்பர் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அப்புறம் அவரே நம்பருக்குப் பதில் ஒன்பதைப் பத்துத் தடவை தட்டினார், பில் வந்துவிட்டது. முடியாது என்றது எப்படி முடிந்தது?

பில்லிங் பாய்:
அண்ணே, மாசி வீதிக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பத்து ஒன்பது போட்டது அந்தப் பிள்ளை செய்த தப்பு. சேலை சாயம் போகிறது, மாற்றிக் கொடு என்று வந்து நிற்பீர்கள். தெர்மல் பேப்பரில் எழுத்து அதற்குள் வெளுத்திருக்கும். நம்பர் இருந்தால் ஒரு தட்டில் பழைய பில்லை எடுத்துவிடலாம். ஒன்பதாகப் போட்டு வைத்தால் ஊரே அந்த ஒரு நம்பரில் நிற்கும். நம்பர் கட்டாயம்தான்.

வில்லாபுரத்தான்:
கேட்டதற்குப் பதில் இல்லை. 46-ஆவது விதியில் போன் நம்பர் எங்கே இருக்கிறது?

திருமங்கலம் தம்பி:
நகைக்கடையில் 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் கேட்கிறார்களே, அதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டீர்களா?

வில்லாபுரத்தான்:
பான் கேட்பது வருமான வரி விதியில் எழுதியிருக்கிறது தம்பி. எழுதியிருப்பதைக் கேட்டால் கொடுப்பேன். எழுதாததைச் சட்டம் என்று சொல்லிக் கேட்காதே என்கிறேன்.

செல்லூர்க்காரி:
நீங்கள் விதியிலேயே நில்லுங்கள். பெண்களுக்கு இது வேறு தலைவலி. அந்தக் கூட்டத்தில், பின்னால் நிற்கிறவன் காதில் விழும்படி பத்து இலக்கத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும். என் தங்கை அப்படிச் சொன்ன அன்று ராத்திரியே தெரியாத ஆளிடமிருந்து வாட்ஸ்அப்பில் 'ஹாய்'. அவள் இப்போது அப்பா நம்பரைத்தான் சொல்கிறாள்.

பில்லிங் பாய்:
அதற்குக் கடைக்காரன் என்ன செய்வான்? மெதுவாகச் சொல்லலாமே. ஜிபேயில் பணம் போடும்போது போகாத நம்பரா? ஆன்லைனில் செருப்பு வாங்கக்கூட நம்பர் கொடுக்கிறீர்கள். நம்ம ஊர்க் கடை கேட்டால் மட்டும் உரிமை பறிபோகிறது!

வில்லாபுரத்தான்:
ரொக்கம் கொடுத்தேன் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன். படிப்பதே இல்லை. பிரிண்டர் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். வேறு இங்க் ஊற்றினால் வாரண்டி போய்விடும் என்று நாலு பக்கம் எழுதினீர்கள், வாரண்டி அட்டையைக் காட்டு என்றதும் ஆளைக் காணோம்.

பில்லிங் பாய்:
பிரிண்டரை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்குக் கடையில் வேலை இருந்தது. உங்களைப் போல ஏசி ரூமில் உட்கார்ந்து டைப் அடிக்கிற ஆள் இல்லை நான்.

வக்கீல் குமாஸ்தா:
2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் என்ன பேச்சு?

பில்லிங் பாய்:
அது அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்கும் உரிமை சார். ஜவுளிக்கடை அரசாங்கமா?

வக்கீல் குமாஸ்தா:
சரி, 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். சம்மதம் தானாக, நிபந்தனை இல்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்பது நிபந்தனை இல்லாமல் வேறு என்ன?

திருமங்கலம் தம்பி:
குமாஸ்தாவெல்லாம் சட்டம் சொன்னால் வக்கீல் எதற்கு?

வக்கீல் குமாஸ்தா:
மரியாதையாகப் பேசு. நான் கோர்ட் வாசலில் நின்ற காலத்தில் நீ பிறந்திருக்கவே மாட்டாய்.

வில்லாபுரத்தான்:
திசை திருப்பாதீர்கள். கட்டாயம், கட்டாயம் என்கிறாரே, அது அவருடைய சாஃப்ட்வேர் செட்டிங்கில் போட்ட ஒரு டிக். முதலாளி எடுக்கச் சொன்னால் அடுத்த நிமிஷம் எடுத்துவிடுவார். முதலாளிக்கோ ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் எஸ்எம்எஸ் அனுப்ப ஊரார் நம்பர் வேண்டும். அந்த டிக்கைப் போட்டுவிட்டுச் சட்டம் என்று சொல்வதுதான் எரிகிறது. நம்பர் கொடுத்தால் பழைய பில்லைத் தேடித் தருகிறோம், இஷ்டம் இருந்தால் கொடுங்கள் என்று சொல்லட்டுமே. பாதிப் பேர் தாங்களாகவே கொடுப்பார்கள்.

செல்லூர்க்காரி:
கேட்கிற பிள்ளையும் பாவம். நம்பர் வாங்காமல் விட்டால் சூப்பர்வைசர் அவளைத்தான் திட்டுகிறார்.

பில்லிங் பாய்:
டிக்கோ என்னவோ, இருக்கிறதா இல்லையா? இருந்தால் கட்டாயம்தானே! டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கு வாங்க, நம்பர் இல்லாமல் பில் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வில்லாபுரத்தான்:
உங்கள் டிக்கைப் பார்க்க நான் ஏன் டவுன்ஹால் ரோட்டுக்கு வர வேண்டும்? 46-ஆவது விதியை இங்கேயே ஒட்டுங்கள். போன் நம்பர் என்ற வரியைக் காட்டுங்கள்.

பில்லிங் பாய்:
கடை திறக்கிற நேரம். ராத்திரி வந்து வைத்துக்கொள்கிறேன்.