லித்கோ ரைஃபிளின் கோச்வுட் கட்டை: போர்க்காலத்து உதிரி என்பதை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி: குறிஞ்சிவேலன்

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் செய்து, 1942ஆம் ஆண்டு முத்திரை பதித்த .303 ரைஃபிள் ஒன்று, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார் வகை, உரிமத்துடன் என்னிடம் உள்ளது. போருக்குப் பின் ஆஸ்திரேலியாவில் எத்தனையோ ரைஃபிள்களுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கிறது. வேட்டைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று, குழலைக் கீழிருந்து தாங்கும் மரமான முன்கட்டையைப் பாதியில் அறுத்து, குழலுக்கு மேலிருந்த கைக்காப்பு மரங்களையும் கழற்றிவிட்டார்கள். இதைப் பழைய ராணுவ வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம்.

தேடியதில், முன்கட்டை, தோளில் ஊன்றும் பின்கட்டை, இரு கைக்காப்புகள் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி விலைக்கு வந்திருக்கிறது. கிடங்கிலிருந்து வந்த போர்க்கால உதிரி என்றும், எந்த ரைஃபிளிலும் இதுவரை பூட்டப்படவில்லை என்றும் விற்பவர் சொல்கிறார். புதிதாகச் செய்து விற்கும் கட்டைகளைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார். முன்கட்டையில் எஸ்.எல்.ஏ.இசட். 42 என்ற முத்திரை மிகத் தெளிவாக இருக்கிறது. வரிசை எண் எங்கும் இல்லை. குழலின் பின்முனை பூட்டப்படும் இரும்புப் பகுதியான ரிசீவர் உட்காரும் குழிவின் பின்புறத்தில் இரண்டு தாமிரத் தகடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டும் மங்கலான செம்பு நிறத்தின் நடுவே பளபளப்பான சிறு கீற்று ஒன்று படத்தில் தெரிகிறது. முத்திரை இருப்பதால் நம்பி வாங்கலாமா?

மறுமொழி: பொதிகைச்சாரல்

முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒரு கட்டையில் மிகக் குறைந்த செலவில் போலியாகச் சேர்க்கக்கூடியது முத்திரைதான். எஸ்.எல்.ஏ.இசட். என்பது டென்னிஸ் மட்டைகளுக்குப் பெயர்பெற்ற ஸ்லேசஞ்சர் நிறுவனத்தைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது லித்கோ தொழிற்சாலைக்குத் தேவையான கட்டைகளை அந்நிறுவனமும் செய்து கொடுத்தது. சேகரிப்பாளர்களிடம் அந்த எழுத்துகளுக்கு மதிப்பு இருப்பதால், அவற்றைப் பொறிக்க அச்சு வெட்டிக்கொள்ளும் ஆசையும் சிலருக்கு வந்துவிடுகிறது.

முதலில் மரம் எது என்று பாருங்கள். 1912இல் திறக்கப்பட்ட லித்கோ தொழிற்சாலை தொடக்கத்தில் வால்நட் மரத்தையும், பின்னர் குயின்ஸ்லாந்து மேப்பிளையும், போர்க்காலத்தில் பெரும்பாலும் நியூ சவுத் வேல்ஸ் மழைக்காடுகளில் வளரும் கோச்வுட்டையும் பயன்படுத்தியது. கோச்வுட் எடை குறைந்தது, ரேகை நெருக்கமானது, வெளிர் பழுப்பிலிருந்து இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு வரை நிறம் மாறுபடும். வால்நட்டில் கண்ணுக்குத் தெரியும் கருங்கோடுகளும் நீளமான துளைக் கீறல்களும் இதில் இருக்காது. 42 என்ற ஆண்டைத் தாங்கிய மரத்தில் வால்நட்டின் ரேகை தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

அடுத்து, தாமிரத் தகடு. சுடும்போது ரிசீவரின் பின்னுதைப்பை முன்கட்டையின் உட்புறத்தில் உள்ள இரு தாங்குமுகங்கள்தாம் ஏற்கின்றன. கோச்வுட் அந்த இடத்தில் நசுங்கிக் குறி தவறச் செய்ததால்தான் அங்கே தாமிரத் தகடு பொருத்தினார்கள். ஆகவே தகடு இருப்பது நல்ல அறிகுறியே. ஆனால் நீங்கள் குறிப்பிடும் பளபளப்பான கீற்றுதான் எனக்கு உறுத்துகிறது. இரும்பு அழுந்தி உரசாமல் தாமிரத்தில் அப்படி ஒரு தடம் விழாது. அதாவது, அந்தக் கட்டை எப்போதோ ஒரு ரைஃபிளில் பூட்டப்பட்டுச் சுடப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே உழைத்த தகட்டை யாரோ வேறு கட்டையில் மாட்டியிருக்க வேண்டும். இவற்றுள் எது நடந்திருந்தாலும் விற்பவரின் கூற்று நிற்காது.

பலர் தடுமாறும் இடம் இதுதான். பழைய கட்டை என்றால் தேய்மானம் இருக்க வேண்டும், தேய்மானம் இருந்தால் அசல் என்று எண்ணிவிடுகிறோம். படையில் உழைத்த கட்டைக்கு அது பொருந்தும். பூட்டப்படாத உதிரி என்று சொல்லி விற்கும்போது சோதனை தலைகீழாக மாறுகிறது: குழல் படுக்கும் வாய்க்காலில் எண்ணெய்க் கறையோ இரும்பின் நிழலோ இருக்கக் கூடாது, பின்கட்டையின் கடைமுனையை மூடும் உலோகப் பின்தகட்டுக்கான திருகுத் துளைகளில் மரையின் தடம் இருக்கக் கூடாது, தாங்குமுகங்களில் பொருத்துநர் சீவிச் சேர்ப்பதற்கென்று சற்றுக் கூடுதலாக விட்ட மரம் அப்படியே இருக்க வேண்டும். இந்த மூன்று இடங்களையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டையின் பளபளப்பான வெளிப்புறப் படங்கள் எத்தனை வந்தாலும் அவற்றால் பயன் இல்லை.

மறுமொழி: உளியும் இழைப்புளியும்

நான் மரவேலை செய்பவன் என்பதால் மேற்பரப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உண்மையான முத்திரையின் விளிம்பில் மரநார்கள் அமுங்கி உள்நோக்கி வளைந்திருக்கும். பல பத்தாண்டுகளாக எண்ணெயும் தூசியும் சேர்ந்து, எழுத்தின் அடிப்பகுதி சுற்றியுள்ள மரத்தைவிடக் கருமையாக இருக்கும். அண்மையில் அடித்த முத்திரையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நார்கள் உடைந்து, அடியில் வெளிறிய மரம் தெரியும். கறுப்பு மையைத் தேய்த்து இதை மறைப்பவர்களும் உண்டு; ஆனால் மை எழுத்துக்கு வெளியே ரேகை வழியாகக் கசிந்து அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றொன்று உப்புத்தாள். தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டையில், பின்தகடு சேரும் விளிம்பில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்தோ சமமாகவோ நிற்கும். உலோகம் மேலெழுந்து மரம் தாழ்ந்திருந்தால் அந்தக் கட்டையை இழைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படித் தேய்த்த மரத்தின் மீது முத்திரை மட்டும் முழு ஆழத்தோடு கூர்மையாக இருந்தால், தேய்த்த பிறகுதான் அது அடிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பின்தகட்டை எடுத்துப் பின்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆளிவிதை எண்ணெயில் ஊறி முதிர்ந்த மரம் அங்கே சீராகப் பழுத்திருக்கும். தூரிகையால் சாயம் பூசிய மரத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

மறுமொழி: தெற்குவாசல்

இஷாப்பூரில் செய்த கட்டைகளை லித்கோ என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. மேற்கு வங்கத்தின் அந்தத் தொழிற்சாலைக் கட்டைகள் பலவற்றில், முன்கட்டை பிளக்காமல் இருக்கப் பக்கவாட்டில் குறுக்காக ஒரு திருகு போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு மரக்குச்சியால் அடைத்திருக்கிறார்களா என்று இருபுறமும் தடவிப் பாருங்கள்.

வரிசை எண்ணைப் பற்றி நண்பர்கள் எதுவும் சொல்லவில்லை. லித்கோ முன்கட்டைகளில் ரைஃபிளின் எண்ணை அடிப்புறத்தில், முன்முனையில் பூட்டும் உலோக மூடியான நோஸ்கேப்பை ஒட்டிப் பதிப்பது வழக்கம். உதிரிக் கட்டையில் எண் இல்லாதது இயல்பே. அதைக் குறையாகக் கருத வேண்டாம். வாங்கிப் பொருத்திய பின் உங்கள் ரைஃபிளின் எண்ணை அதில் பதித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. படையில் கட்டை மாற்றிய ஆயுதப் பழுதுநர்களும் பழைய எண்ணைக் குறுக்கே கோடிட்டு நீக்கிவிட்டுப் புதிய எண்ணைப் பதித்தவர்கள்தாமே.

மறுமொழி: பொதிகைச்சாரல்

கடைசிக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பழுதுநர் பதித்த எண் அந்த ரைஃபிளின் பணிக்காலப் பதிவு. இன்று நாம் பதிக்கும் எண், அடுத்து வாங்குபவருக்கு அந்தக் கட்டை 1942இலிருந்து இந்த ரைஃபிளோடு இருந்தது என்று பொய் சொல்லும். நீங்கள் விற்கும்போது உண்மையைச் சொல்வீர்கள். உங்களுக்குப் பின் விற்பவர் சொல்வாரா? எண்ணில்லாமலே விடுங்கள், அறுபட்ட பழைய முன்கட்டையையும் எறியாமல் ரைஃபிளோடு வைத்திருங்கள். அதன் முன்பகுதி போய்விட்டாலும், இந்த ரைஃபிளின் ரிசீவரோடு தேய்ந்து படிந்த தாங்குமுகங்கள் அதில்தான் இருக்கின்றன.

பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை. முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் நீளத் திருகாணியைத் திருகாதீர்கள். அதன் சதுர முனை முன்கட்டையின் பின்பகுதியில் உள்ள தகட்டுக்குள் சிக்கியிருக்கும்; திருப்பினால் மரம் பிளந்துவிடும். முன்கட்டைகளின் பின்முனையில் காணும் பிளவுகளில் பல இப்படி வந்தவையே.

மறுமொழி: குறிஞ்சிவேலன்

நன்றி. கேட்ட படங்களில் இரண்டை மட்டும் விற்பவர் அனுப்பியிருக்கிறார். குழல் வாய்க்காலின் நடுவில் நீளவாக்கில் எண்ணெய்க் கறை இருக்கிறது. பின்தகட்டுத் துளைகளிலும் மரைத்தடம் தெரிகிறது. மரம் கோச்வுட்தான் என்று தோன்றுகிறது, முத்திரையின் அடியும் கருத்தே இருக்கிறது. தாங்குமுகங்களின் படம் இன்னும் வரவில்லை.

மறுமொழி: உளியும் இழைப்புளியும்

அப்படியானால் அது போலி அல்ல, உழைத்த அசல் கட்டை என்றே நினைக்கிறேன். பூட்டப்படாத உதிரி என்ற பேச்சுதான் பொய். உழைத்த கட்டைக்குரிய விலையைச் சொல்லிப் பாருங்கள். தாங்குமுகங்களின் படம் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். அங்கே மரம் நசுங்கியோ தகட்டைச் சுற்றி விரிசல் விட்டோ இருந்தால், அந்த விலையும் அதிகம்.