முழு வேகம் கொடுத்தால் என்ஜின் இறங்கிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. நான் வேதாரண்யம் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலேயே எங்கள் சின்ன ஃபைபர் படகையும் கரையேற்றி வேலை பார்த்தோம். அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம், என்ஜின் மாட்டும் உளுத்துப்போன பின்பலகையை மாற்றினோம். என்ஜின் 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்.

நேற்றுக் காலை வெள்ளோட்டம் விட்டோம். இரண்டாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரும் நன்றாகப் பீய்ச்சியது. பாதி வேகம் வரை சத்தம் சீராக இருந்தது. முழுதாகத் திருகினால் சில நொடிகளில் மூச்சு முட்டியதுபோல் இறங்கிவிடுகிறது. அந்த நேரம் பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் பிசைந்தால் திரும்ப எழும்புகிறது, விட்டால் பழையபடிதான். பிளக் புதிது. டாங்க் மூடியில் காற்றுத் திருகும் திறந்தே இருந்தது (அதை மறந்து ஒருமுறை நடுக்கடலில் அசிங்கப்பட்டவன் நான்).

இன்னொரு வம்பு: வளைத்துத் திருப்பும்போது என்ஜின் சும்மா கத்துகிறது, படகு நகர்வதில்லை. புதுப் பலகை இரண்டு விரல் உயரமாகிவிட்டது. புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு படகின் அடிமட்டத்தைவிட மேலே நிற்கிறது. அதனால்தான் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, பலகையைச் செதுக்கிவிடலாம். முதல் கோளாறுதான் பிடிபடவில்லை. பெட்ரோல் பம்பின் சவ்வு போயிருக்குமா, குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா? பம்பைக் கழற்றாமல் இதுவா அதுவா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மெக்கானிக் பம்பு, கார்பரேட்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை.