மாபிப் பட்டையைக் காய்ச்சுவது எப்படி?

சத்துவாச்சாரி வாசகி:
கரீபியன் தீவான டிரினிடாடில் வேலை பார்க்கும் என் அண்ணன் சென்ற வாரம் ஊருக்கு வந்தபோது, மாபி என்னும் மரப்பட்டையை ஒரு சிறு பொட்டலம் கொண்டுவந்தார். அங்கே இந்தப் பட்டையைக் காய்ச்சித் தெருவெல்லாம் குளிரக் குளிர விற்கும் பானத்தை அவர் குடித்திருக்கிறாரே தவிர, காய்ச்சியதில்லை. ஒரு துண்டை மென்று பார்த்தேன். நிலவேம்பைப் போன்ற கசப்பு நெடுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. இதைக் காய்ச்சும் பக்குவம் என்ன? பட்டை தீர்ந்துவிட்டால், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேறு பட்டையைச் சேர்க்கலாமா?

காட்பாடி நண்பர்:
சகோதரி, நான் சில ஆண்டுகள் பார்படோஸ் என்னும் கரீபியன் தீவில் இருந்தவன். ஒரு கைப்பிடிப் பட்டையுடன் இலவங்கப்பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைச் சேர்த்து, நீர் நன்கு கறுக்கும்வரை அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். இந்தக் கஷாயத்தை அப்படியே குடிக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் தாராளமாக விளாவிச் சர்க்கரை சேர்க்க வேண்டும். அடுத்த வேலைதான் முக்கியம். நம் டீக்கடைக்காரர் ஆற்றுவதைப்போலக் குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால், பட்டையிலுள்ள சப்போனின் என்னும் பொருளால் வெண்ணுரை பொங்கி நிற்கும். நுரையில்லாத மாபியை அங்குள்ள பெரியவர்கள் மதிப்பதில்லை. குழாய் பொருத்திய தகரக் கலத்தைத் தலையில் சுமந்து, பார்படோசின் தலைநகரான பிரிட்ஜ்டவுன் தெருக்களில் பெண்கள் இதை விற்ற காலமும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் இதையே பழைய மாபி சிறிது ஊற்றிப் புளிக்கவைத்து, மபி என்பார்கள். முதல் மிடறு இனிக்கும், விழுங்கியபின் கசக்கும். அந்தக் கசப்புக்கு அஞ்சிச் சர்க்கரையை அள்ளிக் கொட்டாதீர்கள். புதிதாகக் குடிப்போர் சிலருக்கு வயிறு இளகும் என்பதால், முதல் நாள் அரை தம்ளர் போதும்.

வாணியம்பாடி வாசகர்:
தோல் பதனிடும் ஊரில் பிறந்தவன் என்பதால், பட்டை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஆவாரம்பட்டைதான். தோலைப் பதப்படுத்தும் அதன் துவர்ப்பு வேறு, மாபியின் கசப்பு வேறு. மாபி மரத்தின் தாவரவியல் பெயர் கொலுப்ரினா. அது நம் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உறவு இருக்கிறதே என்று இலந்தைப்பட்டையைப் போட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத பட்டையும் வேண்டாம். அண்ணனிடம் சொல்லி இன்னொரு பொட்டலம் வாங்கிவரச் செய்வதே நல்லது.

சத்துவாச்சாரி வாசகி:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு ஊறவைத்து, இன்று காலை ஆற்றினேன். பாத்திரத்தின் விளிம்பு வரை நுரை ஏறியது. முகத்தைச் சுளித்தபடி ஒரு வாய் குடித்த அம்மா, “நன்னாரியே போதும்” என்று தம்ளரை நகர்த்தி வைத்தார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், தம்ளர் காலியாக இருந்தது.